கோதுமையை நிறுத்தும் முன் ரத்தப் பரிசோதனை

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஆறு வயது மகள் மாநகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு இரண்டரை வயது. மகளுக்கு இரண்டு வருடமாக எடை ஏறவில்லை; வயிறு உப்பிக்கொண்டே இருந்தது; அடிக்கடி பேதி. போன மாதம் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து, இது சீலியாக் நோய், இனி ஆயுளுக்கும் கோதுமை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவளை மட்டும் ஒதுக்கிவைத்ததுபோல் ஆகிவிடக் கூடாது என்பதால் வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து வீட்டில் எல்லோருமே கோதுமையை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். நான் இரண்டு வாரமாகத் தொடவே இல்லை. எனக்கு இரண்டாவது பிரசவத்திலிருந்து ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் 8.5-ஐத் தாண்டவில்லை. இருக்கிற வேலைக்கே களைத்துப்போகிறேன், இதில் புதுச் சமையலை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. குளூட்டன் இல்லாத மாவு, பிஸ்கட், நூடுல்ஸ் என்று ஒரே வாரத்தில் மூவாயிரம் ரூபாய் போய்விட்டது. அத்தையோ, "ஒரு துண்டு பன் தின்றால் பிள்ளைக்கு என்ன ஆகிவிடும்? எங்கள் காலத்தில் இல்லாத நோயா?" என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் மகளுக்காக. இரண்டாம் முறை உங்களுக்காக. சமையலைப் பற்றிப் பேசும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒன்றாம் தேதி வரட்டும், போகட்டும். நீங்களும் கணவரும் சின்னப் பையனும் ரத்தம் கொடுக்காமல் கோதுமையை நிறுத்தாதீர்கள். மகளுக்கு மட்டும் இன்றே நிறுத்துங்கள். அதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட இடமில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. சீலியாக் நோய் ஒவ்வாமை அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது, உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. சாப்பிட்டது உடலில் சேர வழியில்லை. இந்த நோய் வரும் தன்மை மரபணுவில் இருப்பதால், நோய் உறுதியானவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காட்டினருக்கு அதே நோய் இருக்கிறது. பலருக்குப் பேதியோ வயிற்று உப்பலோ எதுவுமே தெரிவதில்லை. வெறும் ரத்தசோகையாக மட்டும் இருக்கும். மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை.

நீங்கள் பாதிக் கடிதத்தில், களைப்புக்குக் காரணம் சொல்வதுபோல் எழுதிவிட்டுக் கடந்துபோன வரி அதுதான். இரும்புச்சத்தை உடலுக்குள் வாங்கிக்கொள்ளும் இடம் சிறுகுடலின் முதல் பகுதி. சீலியாக் நோய் பெரும்பாலும் முதலில் கெடுப்பதும் அந்தப் பகுதியைத்தான். உங்களுக்கும் இதே நோய் என்று நான் சொல்லவில்லை. நம் பெண்களின் ரத்தசோகைக்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு. ஆனால் மகளுக்கு இந்த நோய் உறுதியாகியிருக்கும்போது, தாய்க்கு மாத்திரை ஏறவில்லை என்றால், அதைப் பார்க்காமல் விடவே கூடாது.

எடுக்க வேண்டியது மகளுக்கு எடுத்த அதே ரத்தப் பரிசோதனைதான். மருத்துவர் சீட்டில் டிடிஜி ஐஜிஏ என்று எழுதியிருப்பார். அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஜிஏ என்பது ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்பொருள். சிலருக்கு உடலில் அதுவே குறைவாக இருக்கும். அவர்களுக்கு நோய் இருந்தாலும் முதல் சோதனை இல்லை என்றே காட்டிவிடும். இந்தச் சோதனை தேடுவது, குளூட்டன் உள்ளே போவதால் உடல் தன் திசுவில் உள்ள ஒரு நொதிக்கே எதிராக எழுப்பும் எதிர்ப்பொருளை. கோதுமையை நிறுத்தினால் அது மெல்ல மெல்ல வடிந்துவிடும். ஆறு மாதம் கழித்துச் சோதித்தால், நோய் உள்ளவருக்கும் இல்லை என்று முடிவு வரலாம். பிறகு உண்மையை அறிய, மறுபடி பல வாரம் கோதுமை சாப்பிட்டுக் குடலைப் புண்ணாக்கிக்கொண்டு சோதிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு இரண்டு வாரம்தான் ஆகிறது. இன்றிரவே பழையபடி இரண்டு சப்பாத்தி சாப்பிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது இந்த இரண்டு வார இடைவெளியை மறக்காமல் சொல்லுங்கள். எப்போது ரத்தம் கொடுப்பது என்று அவர் முடிவு செய்வார்.

பையனுக்கும் அப்படியே. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவில் வறுத்த கோதுமை மாவு இருக்கிறது. ரத்தம் எடுக்கும்வரை அவன் அதைச் சாப்பிடட்டும், அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் குழந்தைகளின் குடல் நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. பெரியவர்களுக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். பையனுக்கு இப்போது இல்லை என்று வந்தாலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது வளர்ச்சியில் தேக்கம் தெரிந்தால் உடனே, திரும்பப் பார்க்க வேண்டும். இந்த நோய் எந்த வயதிலும் தலைகாட்டலாம்.

இனி சமையல்.

ரத்தம் கொடுத்து முடித்த பிறகு வீட்டுச் சமையலறையை முழுவதுமாகக் கோதுமை இல்லாததாக்கிவிடுங்கள் என்றே சொல்வேன். எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே அடுப்பு, ஒரே மேடை, ஒரே தோசைக்கல் உள்ள வீட்டில் இரண்டு சமையல் நடத்துவது ரத்தசோகையோடு இருக்கும் ஒரு பெண்ணால் ஆகிற காரியமில்லை. சப்பாத்தி மாவு தேய்க்கும்போது பறக்கும் தூசி மேடையெல்லாம் படியும். உங்கள் கணவர் பரோட்டாவை விட வேண்டியதில்லை. வெளியே சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வாய் கொப்பளித்துவிட்டு வரட்டும். பொட்டலமாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், அவ்வளவுதான். சோதனையில் இல்லை என்று வருபவர்களுக்குக் கோதுமை எந்தத் தீங்கும் செய்யாது.

பாத்திரங்களில் எவர்சில்வரை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும். சப்பாத்திப் பலகை, உருட்டுக்கட்டை, மரக் கரண்டி, மாவுச் சல்லடை ஆகியவற்றைக் கொடுத்துவிடுங்கள். மரத்தின் துளைகளிலும் சல்லடைக் கண்ணிலும் மாவு ஒளிந்திருக்கும். சப்பாத்தி சுட்ட இரும்புக் கல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள். நீங்கள் அந்த மூவாயிரத்தில் செய்திருக்க வேண்டிய முதல் செலவு அதுதான்.

மற்றபடி உங்கள் வீட்டில் நடப்பதில் முக்கால்வாசி ஏற்கெனவே சரியான உணவுதான். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம், பொங்கல், அவல், பொரி, ஜவ்வரிசி, பருப்பு வகை எல்லாம், காசிமேட்டு மீன், முட்டை, கீரை. எதிலும் குளூட்டன் கிடையாது. விட வேண்டியவை வெளிப்படையாகத் தெரிபவை: பன், ரொட்டி, ரஸ்க், பிஸ்கட், பரோட்டா, சமோசா, சேமியா, ரவை. ரவை கோதுமையிலிருந்து வருகிறது என்பதே பலருக்கு நினைவிருப்பதில்லை. சம்பா கோதுமை வேறு சாதி, உடம்புக்கு நல்லது என்று யாராவது சொல்வார்கள். அதிலும் குளூட்டன் உண்டு. நம் ஊரில் வெயில் காலத்தில் நீர்க்கடுப்புக்குப் பிள்ளைகளுக்குப் பார்லித் தண்ணீர் கொடுப்போம். உங்கள் மகளுக்கு இனி அது கூடாது. பார்லியை முளைகட்டிச் செய்வதுதான் மால்ட், ஆகவே மால்ட் சேர்ந்த சத்துபானங்களும் கூடாது. பாரிமுனைப் பக்கம் போனால் அத்தோ கேட்பாள். அந்த நூடுல்ஸ் மைதாவில் செய்தது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கோதுமை. எனக்குக் கவலை தருபவை கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்கள்.

ஒன்று, பெருங்காய டப்பா. கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பெருங்காயத்தின் காரம் தாங்க முடியாதது என்பதால் மாவும் பிசினும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் மைதா. கட்டியானாலும் தூளானாலும் இதே கதை. ஒரு சிட்டிகை பானை முழுக்கப் பிரிந்துவிடும், உண்மைதான். ஆனால் சாம்பாரில், ரசத்தில், மோரில், ஊறுகாயில், அப்பளத்தில், கடையில் வாங்கும் சாம்பார் பொடியில் என்று ஒரு தமிழ்ப் பிள்ளையின் தட்டில் அது நாள்தோறும் மூன்று வேளை வந்து விழுகிறது. சப்பாத்தியையே நிறுத்தியும் நோய் அடங்காத வீடுகளில் நான் முதலில் கேட்பது பெருங்காய டப்பாவைத்தான். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. டப்பாவின் பின்புறத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கிடைக்கும்வரை பூண்டும் மிளகும் சீரகமும் போதும்.

இரண்டாவது, தெருமுனை மாவு மில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் குழந்தையை அழைத்து வந்தார்கள். தாய் அவ்வளவு கவனமானவர். வீட்டில் ஒரு பிஸ்கட் துண்டு கிடையாது. எட்டு மாதம் ஆகியும் எதிர்ப்பொருள் அளவு இறங்கவே இல்லை. அந்தத் தாய் என் முன்னால் அழுதார், தான் எங்கேயோ தவறுகிறோம் என்று. ஒரு வாரம் முழுக்கச் சாப்பிட்டதை எழுதிவரச் சொன்னேன். தினமும் காலையில் கேழ்வரகுக் கஞ்சி என்று இருந்தது. கேழ்வரகில் குளூட்டன் இல்லை. ஆனால் மாவு மில்லில் அரைத்தது. அவருக்கு முன்னால் யாரோ பத்துக் கிலோ கோதுமை அரைத்திருப்பார்கள். கல்லிடுக்கில் தங்கிய மாவு அடுத்து வருபவரின் பையில்தான் போய் விழுகிறது. காலையில் முதல் ஆளாகப் போனாலும் பயனில்லை, நேற்றைய கடைசி மாவு உள்ளே இருக்கும். கேழ்வரகை வீட்டிலேயே அரைக்கத் தொடங்கிய பிறகு அடுத்த சோதனையில் அளவு இறங்கியது.

ஆகவே கேழ்வரகு, கம்பு, அரிசி, கடலைப்பருப்பு எதையும் மாவாக வாங்காதீர்கள், மில்லிலும் கொடுக்காதீர்கள். முழுத் தானியமாக வாங்கிப் பொறுக்கி, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, ஊறவைத்துக் கிரைண்டரில் அரைத்துவிடுங்கள். கேழ்வரகும் இட்லி அரிசியும் உளுந்துமாகச் சேர்த்து ஊறவைத்து அரைத்தால் தோசைக்கும் ஆயிற்று, கொஞ்சம் தளர்த்திக் கூழுக்கும் ஆயிற்று. உலர்ந்த மாவு வேண்டுமென்றால் கழுவி உலர்த்தி, லேசாக வறுத்து, மிக்ஸியில் கால் கிலோவாக அரைத்துப் புதுச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு கூழ் வார்ப்பார்கள். அந்தக் கூழுக்கும் மாவு மில்லில் இருந்துதான் வந்திருக்கும். மகளுக்கு வீட்டிலேயே ஒரு சட்டி காய்ச்சி, கருவாட்டுக் குழம்போடு கொடுங்கள்.

கேழ்வரகை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கோதுமையை எடுத்துவிட்டு வெறும் வெள்ளைச் சோற்றை அந்த இடத்தில் வைத்தால் பிள்ளைக்கு வேறு குறைகள் வரும். இரண்டு வருடம் எதையும் சரியாக உறிஞ்சாத குடல் அது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் ரத்தத்துக்கு இரும்பும் கட்ட வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு தின்னக் கொடுங்கள். முருங்கைக்கீரை வாரம் மூன்று நாள், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ, கீரையில் உள்ள இரும்பு உடம்பில் ஏறுவதற்கு. முதல் சில வாரங்களில் பால் ஒத்துக்கொள்ளாமல் பேதி தொடரலாம். பாலைச் செரிக்கும் நொதியும் அந்தத் தேய்ந்த உறிஞ்சிகளின் முனையில்தான் சுரக்கிறது. தயிரும் மோரும் கொடுத்துப் பாருங்கள். குடல் ஆறியதும் பால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

வாங்கிவைத்த பிஸ்கட்டும் நூடுல்ஸும் தீர்ந்ததும் மறுபடி வாங்க வேண்டாம். பயணத்துக்கு ஒரு பாக்கெட் வைத்துக்கொண்டால் போதும். எந்தப் பொட்டலம் வாங்கினாலும் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். கோதுமை இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. 'வீட்', 'மைதா', 'செமோலினா' (ரவை), 'பார்லி', 'மால்ட்' என்ற ஐந்து சொற்களை ஆங்கில எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், பெயர்தான் அப்படி. ராகி சேமியா, கம்பு பிஸ்கட் என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கும். பின்பக்கத்தில் மைதா இருக்கிறதா என்று பாருங்கள், பலவற்றில் இருக்கும். குளூட்டன் இல்லாதது என்று இந்தியாவில் அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

பள்ளிக்கு நாளையே போங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்றுதான் பட்டியல். பல நாள் அது ரவையாகவோ சேமியாவாகவோ கோதுமை ரவையாகவோ இருக்கும். நல்ல திட்டம் அது, உங்கள் மகளுக்கு மட்டும் பொருந்தாது. மதியச் சோறு அரிசிதான் என்றாலும் சாம்பாரில் எந்தப் பெருங்காயம் என்று உங்களால் பார்க்க முடியாது. காலையில் வீட்டிலேயே சாப்பிட வைத்து, மதியத்துக்குக் கட்டிக்கொடுங்கள். சத்துணவு அமைப்பாளரிடம் பேசினால் அவித்த முட்டையை மட்டும் தனியாகக் கொடுக்கச் சொல்லலாம். வகுப்பு ஆசிரியரிடம் மருத்துவர் சீட்டின் நகலைக் கொடுத்துவிட்டு, பிறந்தநாள் கேக், மிட்டாய், மைதாப் பசை, விளையாட்டு மாவு வரை எடுத்துச் சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ்தான் பெரிய சோதனை. தவறி ஒரு நாள் தின்றுவிட்டு வந்தால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பாள். மறைத்தால் நமக்குத் தெரியாது.

அத்தையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பேத்தி மெலிந்துபோனதைப் பார்த்து எதையாவது ஊட்டிவிட வேண்டும் என்று துடிக்கிற மனம் அது. அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அவர்கள் காலத்திலும் வயிறு ஊதி, கை கால் சூம்பி, எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாத பிள்ளைகள் இருந்தார்கள். சவலை என்றார்கள், மாந்தம் என்றார்கள். அவர்களில் சிலருக்கேனும் இந்த நோய் இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். கோதுமைதான் காரணம் என்று வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர் 1950இல் தன் ஆய்வேட்டில் எழுதினார். நேற்று வந்த நாகரிகமில்லை இது. வட இந்தியாவில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. சோறு தின்னும் நம் பக்கத்தில் அரிது என்பதால் பேரே பழகவில்லை.

ஒரு துண்டு பன்னுக்கும் பதில் இருக்கிறது. ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன். நோய் உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்விலேயே குடலுறிஞ்சிகள் தேய்ந்தது தெரிந்தது. தின்ற அன்று பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டிருப்பாள். உள்ளே நடப்பது வெளியே தெரியாது.

அத்தைக்கு ஒரு வேலையையும் ஒப்படையுங்கள். கடையிலும் ரேஷனிலும் வாங்கும் பருப்பில், உளுந்தில், கேழ்வரகில் ஒன்றிரண்டு கோதுமை மணி கலந்திருப்பது வழக்கம். முறத்தில் புடைத்து, தட்டில் பரப்பிப் பொறுக்கும் கை நம் தலைமுறைக்கு வராது, அவருக்கு வரும். முதல் நாள் பொறுக்கும்போதே இரண்டு மணி அகப்பட்டால், உங்களைவிட அவர் கவனமாகிவிடுவார். நான் பார்த்த இரண்டு வீடுகளில் அப்படித்தான் நடந்தது.

மகளுக்கு ஆறு மாதத்தில் மறுபடி டிடிஜி அளவு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி, எடை, உயரம் எல்லாம் பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் முழுக்க இறங்க ஓராண்டோ இரண்டாண்டோகூட ஆகலாம்; இறங்கிக்கொண்டே வருகிறதா என்பதுதான் கணக்கு. பசியும் எடையும் அதற்கு முன்பே, சில வாரங்களிலேயே, திரும்பத் தொடங்கும்.

உங்கள் மூவரின் ரத்த முடிவும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். கூடவே, இரண்டாவது பிரசவத்திலிருந்து இதுவரை எடுத்த உங்கள் ஹீமோகுளோபின் சீட்டுகள் வீட்டில் எத்தனை இருக்கின்றனவோ, அத்தனையையும் தேதிவாரியாக அடுக்கி அனுப்புங்கள்.